கனடா பர்கர் கடை வேலைக்கு 8 லட்சமா? நம்பாதீர்கள்

"கனடாவில் பர்கர் கடை வேலை ரெடி. விசிட் விசாவில் போனால் போதும், எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் மட்டும் 8 லட்சம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

விசிட் விசாவில் போய்க் கடை வேலையில் சேர முடியாது. வேலை அனுமதி தனியாக வேண்டும். அப்புறம், எல்.எம்.ஐ.ஏ. என்பது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் ஒப்புதல். ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. கனடா அரசின் இணையதளத்திலேயே இது இருக்கிறது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள்.

அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் பல பிள்ளைகள் இந்தப் பணத்தைப் புரட்டுகிறார்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பகிராதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் தவறு என்று சொல்லிவிடுங்கள்.