வேறு வேக ராம் போட்டால் மதர்போர்டு எரியுமா?

கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்தான் ராம் (RAM); அதைச் செருகும் முதன்மைப் பலகை மதர்போர்டு. "பழைய ராமுடன் வேறு வேகமுள்ள ராமைச் சேர்த்தால் மதர்போர்டு எரிந்துவிடும், இரண்டையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி, நன்றாக வேலை செய்யும் ராமைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஒவ்வொரு ராமிலும் அதன் வேகத்தைக் குறித்து வைத்த சிறு சிப் இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அதைப் படித்து, எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் வேகத்தை எடுத்துக்கொள்ளும். 2400 வேக டிடிஆர்4 (ராமின் ஒரு தலைமுறை) பக்கத்தில் 3200 போட்டால், பொதுவாக இரண்டும் 2400-லேயே ஓடும். அவ்வளவுதான். சில ஜோடிகள் ஒத்துப்போகாமல் திரை வராமல் நிற்கலாம். புதியதைக் கழற்றினால் பழையபடி ஓடும்.

கவனிக்க வேண்டியது தலைமுறையைத்தான். டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-க்கு 240 பின்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288, ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. உட்காராததை அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடையும். மின்சாரம் ஓடும்போதே கழற்றினாலும் ராமோ போர்டோ போகலாம். எனவே முதலில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ராமின் ஓரத்தை மட்டும் பிடித்து வேலையைத் தொடங்குங்கள்.

மாற்றியபின் முதல் தடவை திரை வரக் கொஞ்சம் தாமதமாகலாம். பயப்படாமல் காத்திருங்கள்.