முதல் பதிவே தப்பாக இருந்தால் பிளாக்செயின் என்ன செய்யும்?

பிளாக்செயின் என்பது, ஒருமுறை எழுதிய பதிவைப் பிறகு யாரும் மாற்றவோ அழிக்கவோ முடியாதபடி, பல கணினிகளில் சங்கிலிபோல் கோத்து வைக்கும் முறை. மருத்துவத்துறைக்கு அது ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், செலவு அதிகம், வேகம் போதாது, டாக்டர்களுக்குப் புரியவில்லை என்று காரணங்கள் வரிசையாக வரும். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிய தடை இதற்கெல்லாம் முன்னால், ஓ.பி. கவுன்ட்டரிலேயே இருக்கிறது.

காலை பத்து மணிக்கு அங்கே நின்று பாருங்கள். வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். உட்கார்ந்திருக்கும் பெண் பெயர், வயது, போன் நம்பர் கேட்டு மளமளவென்று சீட்டுப் போட்டாக வேண்டும். பாட்டியிடம் போன் இல்லை, மகன் நம்பரைச் சொல்வார். பேரனுக்கும் அதே நம்பர்தான். வயதா? "ஒரு அறுபது போடும்மா." போன தடவை முன்னால் இருந்த இனிஷியல் இந்தத் தடவை பின்னால் போயிருக்கும். இப்படித்தான் ஒரே ஆளுக்கு மூன்று பதிவு எண் விழுகிறது. வார்டில் கேஸ் ஷீட் பல இடங்களில் இன்னும் பேனாவில்தான். டிஸ்சார்ஜ் அன்று அதைப் பார்த்து வேறொருவர் கம்ப்யூட்டரில் அடிக்கிறார். மில்லிகிராம் மாறிப்போனாலும் பிளாக்செயின் அதைப் பத்திரமாகக் காப்பாற்றும். திருத்தத்தை அடுத்த பதிவாகச் சேர்க்கலாம், சரி. ஆனால் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் வேண்டுமே!

மருந்து விஷயத்திலும் இதே கதைதான். போலி மருந்தைப் பிடிக்கப் பிளாக்செயின் என்கிறார்கள். மருந்து அசல்தானா என்று பார்க்க, இந்தியாவில் 2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். அதனால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் இருமல் மருந்து போலி அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில், உரிமம் உள்ள தொழிற்சாலையில் தயாரானது. சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் இருந்தது. அந்தப் பாட்டில் எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்குப் போனது என்பதைப் பிளாக்செயின் துல்லியமாகச் சொல்லியிருக்கும். உள்ளே இருந்த விஷத்தைச் சொல்லியிருக்காது. அதற்குத் தேவை ஆய்வகமும், நேரில் போய்ப் பார்க்கும் மருந்து ஆய்வாளரும்.

மருத்துவத்தில் பிளாக்செயினுக்கு எடுத்துக்காட்டாக ஐரோப்பாவின் எஸ்டோனியாவைப் பாருங்கள் என்பார்கள். நல்லது, பார்ப்போம். சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாடு. 2002-லேயே டிஜிட்டல் அடையாள அட்டை கொடுத்தார்கள். 2008-ல் நாடு முழுவதற்குமான மருத்துவப் பதிவு முறை வந்தது. கார்ட்டைம் நிறுவனத்தின் பிளாக்செயினை மருத்துவப் பதிவுகளுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தம் 2016-ல்தான் வந்தது. அதிலும் நோயாளியின் விவரங்கள் சங்கிலிக்குள் போகவில்லை. பதிவை யாரும் கைவைத்து மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ், அதாவது பதிவின் கைரேகை போன்ற ஒரு குறியீடு, மட்டும்தான் போகிறது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பூட்டு வாங்கினார்கள். நாம் பூட்டுக்கு டெண்டர் விடத் துடிக்கிறோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பலரும் பேசுவதில்லை. பிளாக்செயினில் பதிவைத் திறக்கும் ரகசியக் குறியீடு, அதாவது 'உங்கள் தகவலின் சாவி உங்களிடமே' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. விபத்தில் நினைவில்லாமல் கேஷுவாலிட்டிக்கு வருபவரிடம் சாவியை யார் கேட்பது? போனைத் தொலைத்தவர் என்ன செய்வார்? அவசரத்துக்கு மருத்துவமனையிடமும் ஒரு சாவி இருக்கட்டும் என்றால், பழையபடி மருத்துவமனையைத்தான் நம்பியாக வேண்டும். இதற்கு நடுவில் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவலை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. அழிக்கவே முடியாத ஒன்றில் நோயாளியின் விவரத்தை எழுதிவிட்டு அந்தச் சட்டத்துக்கு என்ன பதில் சொல்வது?

பணக் கணக்கும் உண்டு. வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தப் பரிசோதனையிலிருந்து எம்.ஆர்.ஐ. வரை மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். சில சமயம் மருத்துவக் காரணம் இருக்கும். பல சமயம் அது வருமானம். போட்டியாளரோடு பதிவைப் பகிர விருப்பம் இல்லாதவரை எந்த மென்பொருளும் பகிர வைக்காது.

2021-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவுகளையும் இணைக்கும் 14 இலக்க ஆபா எண், நோயாளி சம்மதித்தால் மட்டுமே பதிவைப் பகிரும் முறை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பிளாக்செயினுக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தில் முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பதிவுப் பணியாளர்களைக் கூட்டுங்கள். தனியார், அரசு என்று பார்க்காமல், டிஸ்சார்ஜ் சம்மரி அன்றைக்கே அந்த எண்ணில் சேர வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். ஹாஷ் போடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.