அண்டாவை யார் தேய்ப்பது?

கொடைக்கானலில் எங்கள் சபையில் இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை (விளைந்ததைக் கொண்டுவந்து கோயிலில் படைக்கும் நாள்) சாப்பாட்டைக் கேட்டரிங்குக்கு விட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வத்தலக்குண்டில் இருந்து ஆள் வருவார்களாம். பிரியாணி, தால்சா, தயிர்ப்பச்சடி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். (மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பது பேசியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.) நாலைந்து பேர் பணத்தைப் போட்டுக்கொள்வார்கள். அவர்கள் பெயர் ஃபிளெக்ஸில் வரும். நமக்கு வேலை மிச்சம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதைக் கமிட்டியில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் இங்கே நீளமாக எழுதுகிறேன். வேறு சபைக்காரர்கள், கத்தோலிக்க நண்பர்கள், கோயில் பக்கமே போகாதவர்கள் எல்லாரும் படிக்கலாம். திட்டுவதாக இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பிரசங்கம் கேட்டுக் குணம் மாறிய ஆளை நான் பார்த்தது குறைவு. போதகர்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். வசனம் வேண்டியதுதான், எதற்காக இதெல்லாம் செய்கிறோம் என்று அதுதான் சொல்கிறது. ஆனால் பொறுமை, விட்டுக்கொடுப்பது, வாயை அடக்குவது, பிறர் கஷ்டம் கண்ணில் படுவது, இதெல்லாம் ஆட்களுக்கு எங்கே படிந்தது என்று யோசித்தால், எனக்கு வேலைப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. இந்த வாரம் கோயில் பெருக்குவது இந்த வீடு, அடுத்த வாரம் அந்த வீடு என்று எழுதி ஒட்டுவோமே, அந்தப் பட்டியல்.

கொடைக்கானல் மலையில் பண்டிகைச் சமையல் எப்படி நடக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலமே விறகு வந்து இறங்கும். வாட்டில் மரத்து விறகு, முக்கால்வாசி ஈரம். அதைப் பற்றவைப்பதற்குள் ஊதுகிறவர் கண் கோவைப்பழம் ஆகிவிடும். கொடைக்கானலுக்கு அப்பால் இருக்கும் மேல்மலைக் கிராமங்களில் இருந்து பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து உறவுக்காரர்கள் தோட்டத்தில் இருந்து மலைவாழைத்தாரும் மிளகும் ஆராதனையில் படைக்க வந்து குவியும். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவோம். ஒரு பட்டர் ஃப்ரூட்டை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டு, வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு.

சமையல்கூட ஒரு ஜாலிதான். கதை பேசிக்கொண்டே வெங்காயம் உரித்துவிடலாம். நான் அந்தக் கோஷ்டி. கஷ்டம் சாப்பிட்ட பிறகு வருகிறது. எங்கள் குளிரில் கறிக்குழம்பு அண்டா காலியான அரைமணி நேரத்தில் உள்ளே கொழுப்பு மெழுகு மாதிரி உறைந்து ஒட்டிக்கொள்ளும். பைப்புத் தண்ணீர் பட்டால் விரல் மரத்துப்போகும், கொழுப்பு அசையாது. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அது ஆறுவதற்குள் சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் அடி வரைக்கும் குனிந்து தேய்க்க வேண்டும். பாதி உடம்பு அண்டாவுக்குள் இருக்கும். அங்கே யாரும் போட்டோ எடுக்க வருவதில்லை.

ஒரு வருஷம் அந்த வேலைக்கு இரண்டு அக்காமார் பெயர் சேர்ந்து விழுந்தது. வேலி ஓரத்து நாலடி நிலத்துக்காக இரண்டு குடும்பமும் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் வந்தால் இன்னொருவர் எழுந்து போகிற அளவுக்குப் பகை. பட்டியல் எழுதியவருக்கு அது தெரியுமா, தெரிந்தே செய்தாரா என்பது இன்றுவரை ரகசியம். அண்டாவுக்கு இரண்டு காது. ஒரு ஆள் கவிழ்க்க முடியாது. ரொம்ப நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் தேய்த்தார்கள். கடைசியில், "அந்தப் பக்கம் பிடிக்கா" என்று சின்னவர் சொன்னார். பெரியவர் பிடித்தார்.

இரண்டு பேரும் சிநேகிதி ஆகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் வாய்தாவுக்குப் போகும் நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பேசிக்கொண்டே இறங்குகிறார்கள். வக்கீலுக்குத்தான் குழப்பம்.

சபை என்றாலே ஒரே அன்பு மயமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். எல்லாரும் ஒரே இருதயமும் ஒரே மனமுமாய் இருந்தார்கள், தங்களுக்குள்ளதைப் பொதுவாய் வைத்து அனுபவித்தார்கள் என்று நாலாம் அதிகாரம் சொல்கிறது. அடுத்ததிலேயே அனனியா சப்பீராள் நிலம் விற்ற பணத்தில் மறைக்கிறார்கள். அதற்கடுத்ததில் சாப்பாட்டுச் சண்டை. எங்கள் விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பில் சரியாகக் கொடுப்பதில்லை என்று கிரேக்கு மொழிக்காரர்கள் முறுமுறுத்தார்கள். அதற்காக அப்போஸ்தலர்கள் ஒற்றுமையைப் பற்றி இன்னொரு பிரசங்கம் வைக்கவில்லை. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் முதல் பெயர் ஸ்தேவான். பின்னால் கல்லெறிபட்டுச் சாகும்போது, எறிகிறவர்கள் மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதிரும் என்று ஜெபித்தாரே, அவரேதான். சோறு சரியாக வரவில்லை என்று புலம்பும் கூட்டத்துக்குப் பரிமாறிப் பழகியவர் என்பதை நான் சும்மா தாண்டிப்போக மாட்டேன்.

நம் மலையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. செண்பகனூரில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் 1895இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரி எல்லாருக்கும் தெரியும், மியூசியம் பார்க்கவாவது போயிருப்போம். அந்தத் துறவற சபையில் சேருகிற இளைஞர்களுக்கு, அதைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டிலேயே சில பயிற்சிகளை வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதம் தியானம். அப்புறம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை. ஒரு மாதம் கையில் காசு இல்லாமல், பிச்சை எடுத்துச் சாப்பிட்டு நடைப்பயணம். பிறகு வீட்டுக்குள் இருக்கிற தாழ்ந்த வேலைகள், குழந்தைகளுக்கு ஞானோபதேசம். பிரசங்கம் வரிசையில் கடைசிப் பக்கம்தான் வருகிறது. நீ படித்தது என்ன, உனக்கு என்ன வரும் என்று கேட்டு வேலை கொடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது எல்லாமே தாலந்துப்படி, அதாவது அவரவர் திறமைப்படிதான். எனக்குப் பாட்டு வரும், நான் பாடகர் குழு. எனக்கு கம்ப்யூட்டர் வரும், நான் புரொஜெக்டர். கக்கூஸ் கழுவும் தாலந்து மட்டும் ஆண்டவர் இதுவரை யாருக்கும் அருளவில்லை போல.

2018 நவம்பர் 16 கொடைக்கானல்காரர்களுக்கு மறக்காது. அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வழியாக எங்கள் மேல் ஏறிப் போனது. ரோடு முழுக்க மரம். கரண்ட் இல்லை, போன் இல்லை. கூரை போன வீடுகளில் இருந்து ஆட்கள் கோயிலுக்கு வந்துவிட்டார்கள். போதகர் வெளியூரில் மாட்டிக்கொண்டார், கமிட்டி கூடவில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் அடுப்பு எரிந்தது. விறகு யார் வீட்டில் காய்ந்ததாக இருக்கும், பெரிய கரண்டி எந்த அலமாரியில் இருக்கும், எத்தனை பேருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை செய்து செய்து கைக்குப் பழகிப்போன வேலை. எங்கள் அண்டா பற்றாமல் மாரியம்மன் கோயில் அண்டாவும் வந்தது. அவர்கள் திருவிழாவுக்கு எங்களுடையது போவது பழைய வழக்கம். யார் எந்தச் சாமி என்று பந்தியில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டரிங் ஆளுக்கு அன்றைக்குப் போன் போட்டிருக்க முடியாது. நான் கேலிக்குச் சொல்லவில்லை, என் வாதமே அதுதான்.

சரி, பணம் கொடுப்பது தப்பா? தப்பே இல்லை. கையால் செய்ய முடியாதவர் பணமாகத் தரட்டும். ஆனால் பணத்தில் ஒரு சிக்கல், அது பெயரைத் தூக்கிக்கொண்டு வருகிறது. எங்கள் கோயில் டியூப்லைட்டைப் பார்த்தால் தெரியும். வெளிச்சத்தில் பாதியை உபயதாரர் பெயர் மறைத்துக்கொண்டிருக்கும். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று சொன்ன ஆண்டவர் சந்நிதியில் மின்விசிறி இறக்கை வரைக்கும் இனிஷியலோடு பெயர்.

நம் அம்மாமார் இதற்கு வைத்திருந்த ஏற்பாடு பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எல்லார் அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும். அதில் யார் பெயரை எழுதுவது? இந்தக் குளிரில் நெல் விளையாது. மேல்மலைக்காரர்களுக்கு ஒவ்வொரு மணியும் கீழே இருந்து காசு கொடுத்து ஏற்றியதுதான். அந்தப் பிடி வயிற்றில் இருந்து எடுத்த பிடி. பிற்பாடு ரேஷன் அரிசி இலவசமான பிறகு, சிலர் வீட்டில் பொன்னி பொங்கிக்கொண்டு கோயில் பானைக்கு ரேஷன் அரிசி போட்டார்கள். கலந்த பிறகும் பொறுக்கியே கண்டுபிடித்துவிடுவார்கள் எங்கள் பெண்கள் ஐக்கியத்தார். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். அப்படி வாய் திறக்காமல் இருப்பது பைபிள் ஸ்டடியில் வந்த பழக்கம் என்று நான் நம்பவில்லை.

இந்த இடத்தில் என் வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "சேவை, குணம்னு எழுதுறீங்க. இத்தனை வருஷம் தேய்ச்சது யாரு?"

கேள்வி நியாயம். பெண்கள்தான். அதிலும் எல்லாப் பெண்களும் இல்லை. பல சபைகளில் கறி கிண்டுவது ஒரு தெருவாகவும், எச்சில் இலை எடுப்பது இன்னொரு தெருவாகவும் இருந்தது நமக்குத் தெரியும். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் மனைவிக்குச் சம்பளமே கிடையாது, ஆனால் கடைசி அண்டா அவர் தலையில்தான். ஒரே ஆள் தலையில் எப்போதும் விழுகிற வேலையைத் தியாகம் என்று புகழ்வது சுரண்டலுக்குப் பூ வைப்பது. தேய்த்தவர்களுக்கு அதில் முதுகுவலி வந்தது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதிகாரம் பழகியது. அதுவும் குணம்தான், கெட்ட குணம்.

இது புதுசும் இல்லை. கொடைக்கானலில் 1845இல் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்கன் மதுரை மிஷன்தான், 1847இல் தன் உபதேசிமாரிடம் (ஊர் ஊராகப் போதிக்கும் உள்ளூர் ஊழியர்கள்) ஒரு சோதனை வைத்தது. சாதியை விட்டுவிட்டோம் என்கிறீர்களே, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள் பார்க்கலாம் என்றது. விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்னவர்களில் பலர் அந்த இலையைத் தாண்ட முடியாமல் சபையை விட்டே போனார்கள். எல்லாரும் ஒரே கொள்கையைத்தான் சொன்னார்கள். பந்தியில்தான் சாயம் வெளுத்தது. மிஷனரிமாரும் மலைக்குச் சும்மா வந்துவிடவில்லை. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இருந்து கூலி காட் என்ற மலைப்பாதையில் ஆட்கள் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்துதான் ஏற்றினார்கள். ஊழியம் செய்ய வந்தவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அதனால் பழையபடியே நடக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருப்பது இது: கேட்டரிங் வேண்டாம். வெட்டுவது, பரிமாறுவது, இலை எடுப்பது, அண்டா தேய்ப்பது, நாலுக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஆண், பெண், கமிட்டி, காணிக்கை அதிகம் போடுபவர், லீவுக்குக் கோயம்புத்தூரில் இருந்து வரும் ஐ.டி. பிள்ளைகள் எல்லார் பெயரும் டப்பாவில் இருக்கட்டும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவையே சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள், நமக்கு என்ன. இடுப்பு முடியாத பெரியவர்களை விட்டுவிடலாம், ஆனால் மண்டபத்தில் நாற்காலி போட்டு அவர்களையும் வெங்காயக் கோஷ்டியோடு உட்கார வைக்க வேண்டும். கேட்டரிங்குக்கு என்று பேசிய பணத்தை, தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி இறங்கி ஏறும் நம் நோயாளிகளின் வண்டிச் செலவுக்கு வைக்கலாம். ஃபிளெக்ஸ் இல்லாமல்.

சீசனில் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது, அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று செயலாளர் கேட்டார். அவர்களுக்கு முதல் நாள் ராத்திரி விறகு வேலையைக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஈர விறகு என்றால் அவர்களே காய்ந்த விறகுக்கு வழி பண்ணிவிடுவார்கள், எல்லாம் வண்டி வைத்திருக்கிற ஆட்கள்.

சீட்டில் போதகர் பெயரும் இருக்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் திருத்தம். நேற்று அவரிடமே கேட்டுவிட்டேன். "தாராளமா போடுங்க. ஆனா கறி அண்டா வேண்டாம், சாம்பார் அண்டாவா பார்த்துக் குடுங்க" என்றார். குலுக்குகிற சீட்டில் சலுகை கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். பேரம் இன்னும் முடியவில்லை.