செயல் அலுவலர் (பொ)

ஆச்சி: ஏன் ஆத்தா, இந்தப் பேரூராட்சி அலுவலகத்தில் எல்லோரும் ஒரு தகப்பன் பிள்ளைகளா?

ஆபரேட்டர்: என்ன கேட்கிறீர்கள் ஆச்சி?

ஆச்சி: வாசல் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். செயல் அலுவலர், அடைப்புக்குறிக்குள் பொ. தலைமை எழுத்தர், அவருக்கும் பொ. வரித்தண்டலருக்கும் பொ. மூன்று பேருக்கும் ஒரே இன்ஷியல். பங்காளிகளை ஒரே இடத்தில் உட்கார வைத்தால் வேலை நடக்குமா? எங்கள் வீட்டில் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பத்துக்குப் பங்கு. ஒரு ஓடு மாற்ற ஆறு மாதம் பேசுகிறோம்.

ஆபரேட்டர்: இன்ஷியல் இல்லை ஆச்சி. பொ என்றால் பொறுப்பு. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கிறவர் இதையும் சேர்த்துப் பார்க்கிறார்.

ஆச்சி: அப்படியா! பொய் என்று எழுத வந்து, பலகையில் இடம் போதவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

ஆபரேட்டர்: கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.

ஆச்சி: யார் காதில் விழப்போகிறது? நாற்காலிகளுக்கா?

(குடிநீர்க் கட்டண அட்டையோடு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி சொன்னது சரிதான். மூன்று நாற்காலிகள். ஒன்றின் முதுகில் துண்டு, ஒன்றின் கையில் குடை, மூன்றாவதற்கு முன்னால் மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி. மூன்றுக்கும் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் இருந்த ஒரே நாற்காலிக்கு மேலே கொக்கி மட்டும் தொங்கியது. அந்தப் பெண் ஒரு பழைய கோப்பு அட்டையால் விசிறிக்கொண்டே தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.)

ஆபரேட்டர்: இரண்டு வீட்டுக்கும் சொத்து வரி கட்டத்தானே வந்தீர்கள்? ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

ஆச்சி: ஒரு வீட்டுக்குக் கட்ட வந்தேன். இன்னொரு வீட்டைக் கண்டுபிடித்துக் கொடு, அதற்கும் கட்டுகிறேன்.

ஆபரேட்டர்: மேலத்தெருவில் 14. கீழத்தெருவில் 9. இரண்டும் உங்கள் மாமனார் பெயரில்தான் இருக்கின்றன.

ஆச்சி: 14 முகப்பு. 9 அடுப்படியைத் தாண்டினால் வருகிற பின்வாசல். முகப்பில் நுழைந்து பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே இரு. நடுவில் எங்கேயாவது தெரு குறுக்கிட்டால் சொல். இரண்டு வரியோடு தெருவுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறேன்.

ஆபரேட்டர்: கள ஆய்வில் இரண்டு வீடு என்றுதான் பதிவாகியிருக்கிறது. படமே இருக்கிறது, பாருங்கள். இது ஒரு வாசல். இது ஒரு வாசல்.

ஆச்சி: இரண்டு வாசல் இருந்தால் இரண்டு வீடா?

ஆபரேட்டர்: ஒரு வரி எண்ணுக்கு ஒரு படம்தான் ஏறும். வரித்தண்டலர் இரண்டு தெருவிலும் போய் இரண்டு படம் எடுத்துவிட்டார். இரண்டாவது படத்துக்கு இடம் வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு எண் கொடுத்தோம்.

ஆச்சி: நல்லவேளை, என் கல்யாணத்தில் போட்டோக்காரர் மாப்பிள்ளையை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எடுக்கவில்லை. எனக்கு இரண்டு புருஷன் என்று பதிவு செய்திருப்பீர்கள்.

ஆபரேட்டர்: அதுமட்டுமில்லை ஆச்சி. 14இல் ஆள் குடியிருப்பதாகவும் 9 பூட்டிய வீடு என்றும் குறிப்பு இருக்கிறது. ஒரே வீடு என்றால் பாதி எப்படிப் பூட்டியிருக்கும்?

ஆச்சி: இருக்கிறது நான் ஒருத்தி. முகப்பைத் திறந்துவைத்தால் பின்வாசலைச் சாத்தித்தானே வைப்பேன்? அங்கே தட்டினால் வளவில் இருக்கிறவளுக்குக் கேட்குமா? சோறு 9இல் வேகிறது. 14இல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எழுதிக்கொள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் என்பது கானாடுகாத்தானுக்குக் காசு கொடுத்துப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரருக்குத் தெரிகிறது. இந்த ஊரிலேயே உட்கார்ந்து வரி போடுகிறவருக்குத் தெரியவில்லை.

ஆபரேட்டர்: அவர் இந்த ஊர் இல்லை. பொறுப்பு.

ஆச்சி: மறந்துவிட்டேன். பொ.

ஆபரேட்டர்: செயல் அலுவலர் வரும்போது எழுதிக் கொடுங்கள். பார்த்து உத்தரவு போடுவார்.

ஆச்சி: எப்போது வருவார்?

ஆபரேட்டர்: திங்கள் சிவகங்கையில் கூட்டம். செவ்வாய் அவருடைய சொந்த அலுவலகம். புதன் ஆய்வுக் கூட்டம். வியாழன், புதன்கிழமை சொன்னதெல்லாம் முடிந்ததா என்று காணொலிக் கூட்டம். வெள்ளி இங்கே.

ஆச்சி: போன வெள்ளி வந்தேன்.

ஆபரேட்டர்: போன வெள்ளி முகாம்.

ஆச்சி: அதற்கு முந்தைய வெள்ளி?

ஆபரேட்டர்: அன்றைக்கு வந்தார். நீங்கள்தான் வரவில்லை.

ஆச்சி: அன்றைக்கு நான் மகள் வீட்டில் பொறுப்பு. பேரனுக்குக் காய்ச்சல். (ஓலைக் கொட்டானிலிருந்து நோட்டீஸ்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார்.) காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது, இனி நம் ஊருக்கும் யோகம்தான் என்றார்கள். பேரூராட்சியில் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. ஆட்சியை மட்டும் வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்கிறாய்.

ஆபரேட்டர்: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துப் பாருங்களேன்.

ஆச்சி: கொடுத்தாகிவிட்டது. இரண்டு பஸ் மாறிச் சிவகங்கைக்குப் போய்க் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கைபேசிக்குச் செய்தி வந்தது, மனு முடிக்கப்பட்டது என்று. பிள்ளையார்பட்டிக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். மறுவாரம் இரண்டு நோட்டீஸ்.

ஆபரேட்டர்: அந்த மனு இங்கேதான் வந்தது ஆச்சி. உரிய நடவடிக்கைக்கு என்று அனுப்பியிருந்தார்கள். பதில்கூடப் போட்டோமே.

ஆச்சி: என்ன பதில்?

ஆபரேட்டர்: மனுதாரர் அலுவலகத்தை நேரில் அணுகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்று.

ஆச்சி: அணுகியாகிவிட்டதே. முடிந்தது என்றீர்களே?

ஆபரேட்டர்: பதில் போய்விட்டால் மனு முடிந்தது. பிரச்சினை முடிந்தது என்று நாங்கள் சொல்லவில்லையே.

ஆச்சி: அப்படியானால் என் தேங்காய் எந்தக் கணக்கில் சேரும்?

(ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு முத்திரை மையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அழுத்தினார். மை காய்ந்து எத்தனை மாதமோ.)

ஆச்சி: சரி, கணினி உன் முன்னால்தானே இருக்கிறது? நீயே திருத்து.

ஆபரேட்டர்: எனக்கு அதிகாரம் இல்லை.

ஆச்சி: இரண்டு வீடு என்று ஏற்றியது யார்?

ஆபரேட்டர்: நான்தான். அவர் படத்தை அனுப்பினார், ஏற்றினேன்.

ஆச்சி: ஏற்றக் கை இருக்கிறது, இறக்கக் கை இல்லையா?

ஆபரேட்டர்: ஏற்றக் கடவுச்சொல் போதும். இறக்க வேண்டுமென்றால் செயல் அலுவலர் கைபேசிக்கு ஓடிபி வரும்.

ஆச்சி: கேட்டு வாங்கு.

ஆபரேட்டர்: கூட்டத்தில் இருப்பார், எடுக்க மாட்டார்.

ஆச்சி: என்ன கூட்டம்?

ஆபரேட்டர்: நிலுவை மனுக்களை விரைந்து முடிப்பது பற்றி.

(ஆச்சி பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நோட்டீஸைத் தூரத்திலும் பக்கத்திலும் பிடித்துப் பார்த்தார்.)

ஆச்சி: இது என்ன, வெறும் கண்ணாடியாக இருக்கிறது? பவரே இல்லை.

ஆபரேட்டர்: அது மேசைக்கு வாங்கியது ஆச்சி. இருந்தால் ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் இருக்கும்.

ஆச்சி: உனக்கு மட்டும் ஏன் பலகையில் பொ போடவில்லை?

ஆபரேட்டர்: எனக்குப் பலகையில் பெயரே கிடையாது. நான் தற்காலிகம். சம்பளம் ஒப்பந்தக்காரர் தருகிறார், தந்தால். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், அதில் போடுவேன். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் விவரம் கேட்பார்கள். காலை ஆறு மணிக்குள் அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் புதன்கிழமை படிக்கிறார். எட்டு வருடமாகிறது ஆச்சி. இதற்குள் செயல் அலுவலர் ஆறு பேர் மாறிவிட்டார்கள். நிரந்தரம் எல்லாம் போய்விட்டது. தற்காலிகம்தான் இங்கேயே இருக்கிறது.

(விசிறிச் சத்தம் மட்டும். ஆச்சி கொட்டானுக்குள் கைவிட்டு, காகிதத்தில் மடித்திருந்த சீப்புச்சீடையை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். வேறு யாருக்கோ கொண்டுவந்ததுபோலத்தான் தெரிந்தது.)

ஆச்சி: தின்னு. 14க்கு மட்டும் ரசீது போடு. 9 அப்படியே கிடக்கட்டும்.

ஆபரேட்டர்: கிடந்தால் நிலுவை காட்டும். மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

ஆச்சி: வட்டியா? செட்டி வீட்டு ஆச்சியிடம் வந்து வட்டி பேசுகிறாயே ஆத்தா! எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து வாங்கினவர். கொடுத்த பணத்துக்குத்தான் வட்டி கேட்டார். இல்லாத வீட்டுக்கு வட்டி போடலாம் என்பது அவருக்கே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இன்னும் பத்துத் தூண் கூடுதலாக நிறுத்தியிருப்பார்.

ஆபரேட்டர்: ஆச்சி, ஒரு நிமிடம். குப்பை வண்டி கிளம்பப்போகிறது, நான் படம் எடுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் குப்பையே எடுக்கவில்லை என்றாகிவிடும். இதோ வந்துவிடுகிறேன்.

ஆச்சி: ஒரு படமாக எடு. இரண்டு எடுத்தால் இரண்டு வண்டிக்கு டீசல் போடச் சொல்வார்கள்.

(அந்தப் பெண் கைபேசியோடு ஓடினார். ஆச்சி சுற்றும்முற்றும் பார்த்தார். துண்டை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, விசிறிக்குக் கீழே அந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை இன்னும் கழற்றவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய் என் அட்டையை அவர் முன்னால் நீட்டினேன். வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, என்னிடமே கொடுத்தார்.)

ஆச்சி: நான் பொறுப்புதான் தம்பி. வெள்ளிக்கிழமை வாருங்கள்.