புத்தகம் இருக்கட்டும், பெற்றோரிடம் சொல்லிவிட்டு வாசியுங்கள்

பால்புதுமையினர் (எல்ஜிபிடி) கதாபாத்திரங்கள் வரும் படப்புத்தகங்களைத் தொடக்கப்பள்ளியில் வாசிப்பது தொடர்பாக, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் மான்ட்கோமரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) எழுந்த வழக்கைப் பற்றித் தமிழில் கண்ணில் படும் பதிவுகள் பெரும்பாலும் இரண்டே வகை. 'பிஞ்சுப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாமா பேசுவது' என்று கொதிப்பவை ஒரு வகை. 'மதவாதிகள் சேர்ந்து புத்தகத்தைத் தடை செய்துவிட்டார்கள்' என்று வருந்துபவை இன்னொரு வகை. ஆனால் அந்த வழக்கில் எந்தப் புத்தகமும் தடை செய்யப்படவில்லை. தடை செய்யுங்கள் என்று பெற்றோர் கேட்கவும் இல்லை. வகுப்பில் வாசிக்கும் முன் எங்களுக்குச் சொல்லுங்கள், வேண்டாம் என்று நினைத்தால் அந்த நேரத்துக்கு எங்கள் பிள்ளையை விலக்கி வையுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. பதிவு கொஞ்சம் நீளம். பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் முழுதாகப் படியுங்கள்.

2022-23 கல்வியாண்டில் அந்த கவுண்டியின் பள்ளி வாரியம், பால்புதுமையினர் கதாபாத்திரங்கள் வரும் சில படப்புத்தகங்களைத் தொடக்கப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் சேர்த்தது. விலக்கு கேட்ட பெற்றோருக்கு முதலில் விலக்கு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில், அடுத்த கல்வியாண்டிலிருந்து விலக்கும் கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது என்று அறிவித்தார்கள். முஸ்லிம், கத்தோலிக்க, உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. மாவட்ட நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் பெற்றோருக்குத் தோல்வி. 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. மஹ்மூத் எதிர் டெய்லர் என்பது வழக்கின் பெயர். அமிஷ் என்ற கிறித்தவப் பிரிவினர் மத நம்பிக்கைக்காகப் பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொள்ள அனுமதித்த 1972-ஆம் ஆண்டின் யோடர் தீர்ப்பைத்தான், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ பெரிதும் நம்பினார். வழக்கு முடியும்வரை முன்கூட்டியே சொல்லுங்கள், விலக்கு கொடுங்கள் என்பதோடு அந்த உத்தரவு நின்றது.

மேரிலாந்து விதிப்படி, சுகாதாரப் பாடத்தில் வரும் குடும்ப வாழ்க்கை, பாலியல் பகுதியிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இந்தப் புத்தகங்களை வாரியம் வைத்ததோ ஆங்கிலப் பாடத்தில். பாலின அடையாளம் சுகாதார வகுப்பில் வந்தால் விலக்கு உண்டு, கதை நேரத்தில் வந்தால் கிடையாது என்று ஆயிற்று. பெற்றோர் பலரின் கோபத்துக்குப் புத்தகத்தின் உள்ளடக்கத்தைவிட இந்த இடமாற்றம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. தங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால், அதன்பிறகு புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் நிதானமாகப் பார்ப்பதில்லை.

வாரியத்தின் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. விலக்குக் கோரிக்கைகள் பெருகின. ஒரே பள்ளியில் டஜன் கணக்கான பிள்ளைகளுக்கு விலக்கு கேட்டார்கள். எந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்துக்கு வெளியே போக வேண்டும் என்று டீச்சர் கணக்கு வைத்துக்கொண்டே பாடம் நடத்த முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த வகுப்பிலேயே திருநர் பிள்ளையோ, திருநர் அக்காவோ அண்ணனோ உள்ள பிள்ளையோ இருக்கலாம். தன் வீட்டைப் போன்ற ஒரு வீடு புத்தகத்தில் வரும்போது பாதி வகுப்பு எழுந்து வெளியே போவதை அது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் இதற்குத் தீர்வு வகுப்பை நடத்தும் முறையில் இருக்கிறது. பெற்றோரிடம் சொல்லாமல் வாசிப்பது தீர்வாகாது.

வழக்கில் பேசப்பட்ட புத்தகங்களில் நேரடியாகத் திருநர் பிள்ளையைப் பற்றியது 'பார்ன் ரெடி'. ஜோடி பேட்டர்சன் தன் மகனைப் பற்றி எழுதியது. பெனெலொப்பை எல்லோரும் பெண் பிள்ளை என்று நினைக்கிறார்கள். தான் பையன் என்பது பெனெலொப்புக்குத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்கிறான். வீட்டில் ஒரு சகோதரன், பையனாக மாற முடியாது, பையனாகப் பிறக்கத்தான் வேண்டும் என்கிறான். எல்லாமே புரிந்தாக வேண்டும் என்பதில்லை, இது அன்பைப் பற்றியது என்று அம்மா பதில் சொல்கிறாள். அந்தச் சகோதரனின் கேள்விதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பிள்ளைகளின் கேள்வியும். ஆசிரியைக்கு இது ஒரு வாய்ப்பு. பெனெலொப்புக்கு எப்படி இருந்திருக்கும், சகோதரனுக்கு ஏன் குழப்பம், அம்மா என்ன செய்தாள் என்று கேட்டுக் கதைக்குள்ளேயே நின்றுவிடலாம்.

அப்படி நிற்கவிடவில்லை, வாரியம் ஆசிரியர்களுக்குக் கொடுத்த வழிகாட்டுக் குறிப்பு. நாம் பிறக்கும்போது மற்றவர்கள் உடலைப் பார்த்து ஆண், பெண் என்று ஊகிக்கிறார்கள், சில சமயம் சரியாக, சில சமயம் தவறாக என்ற பொருளில் பதில் சொல்லும்படி அதில் இருந்தது. பெண்ணாகப் பிறந்தவர் பையனாக முடியாதே என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பேச்சு புண்படுத்துகிறது என்று சொல்லச் சொன்னது. கவுண்டியின் தொடக்கப்பள்ளி முதல்வர்களிலேயே சிலர், இந்தப் பதில்கள் மத நம்பிக்கையை உதாசீனப்படுத்துகின்றன என்று ஆட்சேபம் எழுப்பியிருந்தார்கள். வாரியம் அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்காது. புத்தகத்தை வெறுமனே அறிமுகப்படுத்தவில்லை, ஒரு நம்பிக்கையைச் சரியென்றும் இன்னொன்றைத் தவறென்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள் என்று பெரும்பான்மை நீதிபதிகள் எழுதியதற்கு அந்தக் குறிப்புதான் பெரிய சான்றாக நின்றது.

மத நம்பிக்கையை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அந்தக் குறிப்பு சரியில்லை என்றுதான் சொல்வேன். பிள்ளைகள் மூன்று வயதுவாக்கில் தன்னை ஆண், பெண் என்று பெயரிட்டுச் சொல்லத் தொடங்குகிறார்கள். உடையும் முடியும் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்பது உறுதிப்பட ஆறேழு வயது ஆகும். உளவியலாளர் கோல்பெர்க் 1966-லேயே எழுதியது இது. ஐந்து வயதுப் பெண் பிள்ளை அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு 'நான் அண்ணா ஆயிட்டேன்' என்று வீடு முழுக்க ஓடும். அந்த வயதில் இந்தப் புத்தகத்தைக் கேட்டால் வரும் கேள்வி, 'முடி வெட்டினா நானும் பையன் ஆயிடுவேனா?' அதற்கு நேரான பதில் வேண்டும்: 'ஆக மாட்டே. முடி வெட்டினாலும் பேன்ட் போட்டாலும் நீ நீதான். பெனெலொப் ரொம்ப நாளா மனசுல இருந்ததை அம்மாகிட்ட சொன்னான்.' அவ்வளவு போதும். இதற்குப் பதில் 'பிறக்கும்போது மற்றவர்கள் ஊகிக்கிறார்கள்' என்று தொடங்கினால், என்னையும் தப்பாக ஊகித்துவிட்டார்களோ என்ற இல்லாத கவலையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். கதை கேட்டதால் எந்தப் பிள்ளையும் திருநர் ஆகிவிடாது. பயப்படும் பெற்றோருக்கு இதையும் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் பதில் குழப்பமாக இருந்தால் பிள்ளை குழம்பும்.

பெற்றோரை இரண்டே அணியாகப் பார்ப்பதும் தவறு. மத நம்பிக்கையால் மறுப்பவர்கள் இருக்கிறார்கள். திருநர் பிள்ளையை வளர்ப்பவர்கள், இப்படி ஒரு புத்தகமாவது வகுப்பில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஏழு வயதுக்குப் பிறகு ஆகட்டும் என்பவர்கள் உண்டு. கராத்தே பிடிக்கிறது, பாவாடை பிடிக்கவில்லை என்பதையே அடையாளத்துக்கு ஆதாரமாகக் காட்டும் புத்தகங்கள் பழைய ஆண், பெண் சட்டகத்தையே திரும்பக் கொண்டுவருகின்றன என்று கவலைப்படும் பெண்ணியப் பெற்றோரும் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. இவர்களில் மதத்தைக் காரணம் காட்டாதவர்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அது மதச் சுதந்திரத்தை வைத்துச் சொல்லப்பட்டது. பல வீடுகளில் அம்மாவுக்கு ஒரு கருத்து, அப்பாவுக்கு வேறு கருத்து. ஒருவர் மட்டும் விலக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, விஷயம் மாலையில் பிள்ளை வாயிலிருந்து மற்றவருக்குத் தெரிய வந்தால், வீட்டுச் சண்டையைப் பிள்ளை சுமக்கும். கடிதத்துக்கு முன் நீங்கள் இருவரும் பேசுங்கள்.

பேசுவதற்கு முன் புத்தகத்தைப் படியுங்கள். படப்புத்தகம் என்றால் பெரும்பாலும் 32 பக்கம், பத்துப் பதினைந்து நிமிட வேலை. பொது நூலகத்தில் கிடைக்கும். படிக்காமல் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்ற விவாதமே சாட்சி. ஒரு நாய்க்குட்டி பால்புதுமையினர் ஊர்வலத்தில் தொலைந்துபோகும் அகரவரிசைப் புத்தகம் ஒன்று பட்டியலில் இருந்தது. அதன் கடைசியில், படங்களில் தேடிப் பார்க்கச் சொல்லும் சொற்களில் 'லெதர்', அதாவது பதப்படுத்திய தோல் என்று ஒரு சொல். நீதிபதி ஒருவர் அதை வேறு விபரீதமாகப் புரிந்துகொண்டு பேச, வாரியத்தின் வழக்கறிஞர் இடைமறித்து விளக்க வேண்டி வந்தது. படத்தில் இருந்தது தோல் ஜாக்கெட் போட்ட ஒரு பெண். உச்ச நீதிமன்றத்தில் அந்த விவாதம் நடக்கும் முன்பே வாரியம் அந்தப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்பது தனிக்கதை.

படித்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் கடிதத்தில் புத்தகத்தின் பெயரை எழுதுங்கள். 'இந்த மாதிரி விஷயம் எதுவும் வேண்டாம்' என்று பொதுவாக எழுதினால் டீச்சரால் அதை நிறைவேற்ற முடியாது. இரண்டு அம்மாக்கள் உள்ள பிள்ளை அன்னையர் தினத்துக்கு இரண்டு வாழ்த்து அட்டை செய்தால் அதுவும் இதில் சேருமா? யாருக்கும் தெரியாது. எந்த நாளில் வாசிக்கிறார்கள், அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், என்ன செய்யும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபீசில் உட்கார வைத்தால் பிள்ளை அதைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்ளும். ஏன் வெளியே போகிறாய் என்பதை முந்தின நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இடைவேளையில் கூட்டாளி சொல்வான், அது புத்தகத்தில் இருப்பதைவிடத் தாறுமாறாக இருக்கும்.

இந்தியாவில் முன்னறிவிப்பு கட்டத்துக்கே நாம் போகவில்லை. 2021-ல் மத்திய அரசின் பாடத்திட்ட, பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி, திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு வெளியிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபித்ததும் சில நாட்களிலேயே இணையத்திலிருந்து காணாமல் போயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அது பிள்ளைகள் கையில் போகும் புத்தகம்கூட இல்லை, ஆசிரியர்களுக்கானது. பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் வேலையை ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிட்டார்கள்.

பள்ளியில் வேலை செய்பவர்களுக்கு. தொடக்கப்பள்ளி ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் நாலைந்து பேராகக் குழு பிரிந்து மாறி மாறி உட்கார்வது ஏற்கெனவே நடப்பதுதான். இந்தப் புத்தகத்தை முழு வகுப்புக்கும் வாசிக்காமல், அந்தச் சுழற்சியில் ஒரு மேசைக்குக் கொடுங்கள். விலக்குப் பெற்ற பிள்ளைக்கு அந்தச் சுற்றில் வேறு மேசை. யாரும் எழுந்து கதவுப் பக்கம் நடக்க வேண்டாம், யாரும் அதைப் பார்த்து மனம் வாடவும் வேண்டாம். முன்னறிவிப்பில் புத்தகத்தின் பெயர், வாசிக்கும் வாரம், கேட்கப்போகும் மூன்று நான்கு கேள்விகள், பதில் அனுப்பக் கடைசித் தேதி இவை இருந்தால் போதும். கேள்விகளைக் கட்டாயம் சேருங்கள். பெற்றோரின் பயம் பெரும்பாலும் கதைக்குப் பிறகு நடக்கும் பேச்சைப் பற்றியது. விலக்குப் பட்டியலின் ஒரு பிரதியை, டீச்சர் விடுப்பில் போனால் பதிலுக்கு வருபவர் திறக்கும் கோப்பில் வையுங்கள். அங்கே அது இல்லாவிட்டால், எல்லாம் ஒழுங்காகச் செய்த பள்ளியிலும் மாற்று டீச்சர் வரும் நாளில் விலக்குக் கேட்ட வீட்டுப் பிள்ளை அந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கும்.