அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்திவிட்ட ஒரு நல்ல காரியம்

தூதரகங்களின் முகநூல் பக்கங்களையும் எக்ஸ் கணக்குகளையும் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். கொடி, கைகுலுக்கல், தேசிய தின வாழ்த்து, அமைச்சர் வந்தார், போனார். இதையெல்லாம் பார்த்து யாரும் ஒரு நாட்டின் மேல் மதிப்பு வைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேறொரு நாட்டு மக்களின் வாழ்க்கையை நிஜமாகவே மாற்றிய ஒரு தூதரகக் கணக்கைச் சொல்லச் சொன்னால் பெய்ஜிங்கில் இருந்த ஒன்றைத்தான் சொல்வேன். அதில் வந்ததெல்லாம் வெறும் எண்கள்.

2008இல் அங்கே அமெரிக்கத் தூதரகத்தின் கூரையில் காற்றை அளக்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். நுரையீரலுக்குள் ஆழமாகப் போகும் பி.எம். 2.5 நுண்துகள் எவ்வளவு இருக்கிறது என்று மணிக்கொருமுறை ட்விட்டரில் தானாகவே பதிவாகும். தொடங்கியது தங்கள் ஊழியர்களுக்காகத்தான். ஆனால் ஆபத்து பற்றி ஊழியர்களுக்குச் சொல்வதை அங்கே வாழும் மற்ற அமெரிக்கர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. அதனால் பொதுவில் போட்டார்கள்.

அடுத்த ஆண்டே சீனாவில் ட்விட்டர் முடக்கப்பட்டது. ஆனாலும் அந்த எண்கள் செயலிகள் வழியாகவும், ட்விட்டர் போன்ற சீனத் தளமான வெய்போ வழியாகவும் சீனர்களின் போன்களுக்கு வந்து சேர்ந்தன. பெய்ஜிங் நகராட்சி அப்போது பி.எம். 2.5 அளவை வெளியிடவே இல்லை. பெரிய துகள்களை அளந்து, 'லேசான மாசு' என்று அது சொல்லும் நாளில் தூதரகத்தின் கருவி 'அபாயம்' என்று காட்டும். ஜன்னலைத் திறந்தால் எது உண்மை என்று தெரிந்துவிடும். 2010 நவம்பரில் காற்றின் தரக் குறியீடு அதன் உச்ச அளவான 500ஐத் தாண்டியபோது, கணினி நிரலில் யாரோ எழுதிவைத்திருந்த 'பைத்தியக்கார மோசம்' என்ற வார்த்தை அப்படியே வெளியே வந்துவிட்டது. தூதரகம் அவசரமாக அதை நீக்கி, 'அளவுகோலுக்கு அப்பால்' என்று மாற்றியது.

சீன அரசு சும்மா இருக்கவில்லை. 2012 ஜூனில் சுற்றுச்சூழல் துணை அமைச்சர் ஒருவர், வெளிநாட்டுத் தூதரகங்கள் இப்படி வெளியிடுவது, தூதரக உறவுகளுக்கு விதி வகுக்கும் வியன்னா ஒப்பந்தத்துக்கே விரோதம் என்றார். அதற்குள் மக்களே வெய்போவில் கேட்டுக் கேட்டு, அந்த ஆண்டு ஜனவரியில் பெய்ஜிங் தன் சொந்த பி.எம். 2.5 அளவுகளை வெளியிடத் தொடங்கியிருந்தது. இதை முழுக்க அமெரிக்காவின் சாதனை என்று சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு முகமூடி மாட்டி அனுப்பிய பெற்றோர்தான் சண்டை போட்டார்கள். ஆனால் அவர்கள் கையில் காட்டுவதற்கு ஓர் எண் இருந்தது. அதைக் கொடுத்தது தூதரகம்.

அதே தூதரகத்தின் வெய்போ பக்கத்தில் 2024 பிப்ரவரியில் ஒட்டகச்சிவிங்கிப் பாதுகாப்பு பற்றி ஒரு பதிவு வந்தது. பங்குச் சந்தை ஐந்து ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்திருந்த நேரம். பணத்தை இழந்த சீனர்கள் அதற்குக் கீழே போய்க் கொட்டித் தீர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கருத்துகள். ஷாங்காய் பங்குச் சந்தையைத் தகர்க்க ஏவுகணை கொடுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சொந்த நாட்டுப் பக்கங்களில் எழுதினால் அழிக்கப்படும் என்பதால் அடுத்த நாட்டுத் தூதரகத்தின் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே போய் அழுதார்கள். படிக்கும்போது எனக்கு மனசு கனத்தது. ஒரு வெளிநாட்டு அரசின் பக்கத்தை மக்கள் எப்போது தேடிப் போகிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தங்களுக்குத் தேவையானது அங்கே கிடைக்கும்போதுதான் போகிறார்கள்.

சரி, நமக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை ஜெமினியில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்திலும் இதே போன்ற கருவி இருந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத்திலும் இருந்தது. போகியன்று காலையில் நான் அதைப் பார்ப்பதுண்டு. ஆலந்தூர், மணலி, வேளச்சேரி என்று நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் நிலையங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அரசு தன் நகரத்தைத் தானே அளந்து சொல்லும்போது, பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க இன்னொரு கணக்கு இருப்பது மக்களுக்குப் பெரிய பலம்.

2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை, பணமில்லை என்று சொல்லி, உலகம் முழுவதும் இந்தத் தரவுகளைப் பகிர்வதை நிறுத்தியது. எனக்கு இதில் கடும் கோபம். தலைவரின் புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் பணம் இருக்கிறது, விளம்பரமே இல்லாமல் பதினேழு ஆண்டுகள் நம்பிக்கை சம்பாதித்துக் கொடுத்த ஒரு கருவிக்கு இல்லையா? தூதரகங்கள் இப்படி வெளியிட்ட நகரங்களில் மாசு குறைந்ததாக 2022இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது.

கருவிகளை நிறுத்த வேண்டாம், நிதி வந்தால் மீண்டும் பகிரலாம் என்றும் அப்போது தூதரகங்களுக்குச் சொல்லப்பட்டது. அதாவது அளப்பது தொடரலாம், எண் மட்டும் வெளியே வராது. தங்கள் ஊழியர்களுக்குத் தெரிந்த ஆபத்தை மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற விதியில் தொடங்கிய வேலை இது. அந்த எண்களை மறுபடி திறந்துவிடச் சொல்லித் துணைத் தூதரகத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.