நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவுல

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல அண்ணன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அம்மாவ செக்கப்புக்கு கூட்டிட்டு போறத நான் தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்ற மாதிரி, அதுவும் அத்தன பேரு முன்னாடி. கேட்ட உடனே காது மடல் சூடாயிருச்சு, தொண்டை அடைச்சுது, ஏழெட்டு வருஷக் கணக்கையும் எடுத்து நீளமா ஒரு பதில் அடிச்சேன். ஆனா அனுப்பல.

அனுப்பாததுக்குக் காரணம் மணிமேகலை. மணிமேகலைன்னா அமுதசுரபிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா கடைசி காதைல, அதாவது 30ஆவது அத்தியாயத்துல, மணிமேகலையோட குருவான பௌத்தத் துறவி அறவண அடிகள், புத்தர் சொன்ன 12 நிதானங்களையும், அதாவது துன்பம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணா எப்படி உண்டாகுதுன்னு காட்டுற சங்கிலிய, வரிசையா விளக்குறாரு. பாலி மொழில பஸ்ஸ, வேதனா, தண்ஹா, உபாதானன்னு சொல்றத அங்க ஊறு (புலன்ல வந்து படுறது), நுகர்வு (அதனால வர்ற இன்ப துன்ப உணர்ச்சி), வேட்கை (ஆசை, தவிப்பு), பற்றுன்னு தமிழ்லயே படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. பற்றுக்கு அதுல குடுத்திருக்குற விளக்கம் "பசைஇய அறிவு", பசை மாதிரி போய் ஒட்டிக்கிட்ட அறிவு. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த மெசேஜையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டு இருந்தேனே, அதுக்கு இதவிடச் சரியான பேரு கிடையாது.

ஊறுங்கறதத் தடுக்க முடியாது, போன் அடிக்கத்தான் செய்யும், காது கேக்கத்தான் செய்யும். நுகர்வையும் தடுக்க முடியாது. புத்தருக்கே வயசான காலத்துல முதுகு வலி இருந்துருக்கு, "முதுகு வலிக்குது, நான் கொஞ்சம் படுத்துக்குறேன், நீ பேசு"ன்னு சீடர் சாரிபுத்தர்கிட்ட சொன்னதா தீக நிகாயம்ங்கற பௌத்த நூல்ல வருது. வலி வந்துச்சு, படுத்தாரு, அவ்வளவுதான். நமக்கு வலி வந்த அடுத்த நொடியே இது இப்பவே தொலையணும், அவங்களுக்கும் வலிக்கணும்னு ஒரு தவிப்பு கிளம்புது பாருங்க, அதையும் வேட்கைன்னுதான் நான் புரிஞ்சிருக்கேன். காது சூடாகுறதுக்கும் விரல் டைப் பண்றதுக்கும் நடுவுல இருக்குற அந்த ரெண்டு மூணு செகண்ட்லதான் நமக்கு வேலையே இருக்கு.

இப்போ தியானத்த ஆப்லயும் ஆபீஸ்லயும் டென்ஷனக் குறைக்குற மருந்தா மட்டும் குடுக்குறாங்க, அது எனக்கு வருத்தமா இருக்கு. நல்வாய்மைய, அதாவது நல்ல பேச்சு பேசணும்னு புத்தர் சொன்னத, விட்டுட்டு மூச்ச மட்டும் கவனிச்சா பாதிதானே? ஒரு பேச்சுக்கு அஞ்சு இருக்கணும்னு அங்குத்தர நிகாயம்ங்கற இன்னொரு பௌத்த நூல் சொல்லுது: நேரம் பாத்துப் பேசணும், உண்மையா இருக்கணும், மென்மையா இருக்கணும், பயன் இருக்கணும், அன்போட வரணும். நான் அடிச்ச பதில்ல ஒரு பொய் கிடையாது, எல்லாம் நடந்ததுதான். ஆனா மத்த நாலும் அதுல இல்லவே இல்ல. உண்மையத்தான சொன்னேன்னு சொல்லிச் சொல்லியே எத்தன வீட்டுல பேச்சு நின்னு போயிருக்கு.

காலைல அண்ணனுக்குப் போன் பண்ணேன். அம்மா கால் வீங்கியிருக்கறதப் பாத்துட்டு அவரும் ரெண்டு நாளா தூங்கலையாம். வியாழக்கிழம அவரு கூட்டிட்டுப் போறாரு, ரிசல்ட் வாங்க நான் போறேன். அவரு குரூப்ல அப்படிப் பேசினது இன்னும் எனக்கு வலிக்குது, அதையும் அவர்கிட்டயே தனியா சொல்லிட்டேன்.